அணுகுண்டு ஜவுளி மாளிகை

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் ஒரு தேதி சொல்வார்கள். அதற்குள் வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால், பையன் ஐன்ஸ்டீனாகவே இருந்தாலும் அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். அணுகுண்டு வைத்துக்கொள்ளவும் அப்படி ஒரு தேதி இருக்கிறது. 1967 ஜனவரி 1. அதற்கு முன்பே ஒரு குண்டைச் செய்து, வெடித்தும் காட்டிவிட்ட நாடு என்றால் உடன்படிக்கையின்படி அது ‘அணு ஆயுத நாடு’. பொங்கல் கழியட்டும், நிதானமாக வெடிப்போம் என்று இருந்துவிட்ட நாடு உலக அமைதிக்கு அச்சுறுத்தல். பள்ளிக்கூடத்திலாவது அடுத்த வருஷம் இடம் உண்டு.

இதை நான் கிண்டலுக்குச் சொல்வதாக எங்கள் தெரு டீக்கடையில் நினைத்தார்கள். ஈரானின் அணு நிலையங்கள் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட 2025 ஜூன் மாதம் அது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு, “அவன் வெச்சுக்கலாம், நாம வெச்சுக்கலாம், ஈரான்காரன் மட்டும் வெச்சுக்கக் கூடாதா? என்ன சார் நியாயம் இது?” என்றார். நான் தேதியைச் சொன்னேன். “இதென்ன ரேஷன் கார்டா?” என்றார்.

ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்தக் கார்டு யார் யாருக்கு எப்படிக் கிடைத்தது என்று படிக்கப் படிக்க எனக்கு வேறொரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வருகிறது. அணுகுண்டின் சரித்திரத்தை இயற்பியல்காரர்களிடம் விட்டது தப்பு. ஒரு ஜவுளிக் கடைக்காரரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் கிராக்கி அமெரிக்கா. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்த்தார்கள். எட்டு நாள் கழித்து போட்ஸ்டாம் மாநாட்டில் அமெரிக்க அதிபர் ட்ரூமன், ஸ்டாலின் பக்கம் மெல்ல நகர்ந்து போய், எங்களிடம் புதுசாக ஓர் ஆயுதம் இருக்கிறது, சக்தி ரொம்ப ஜாஸ்தி என்று ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். ஸ்டாலின் முகத்தில் ஈ ஆடவில்லை. நல்லது, ஜப்பான்காரன் மேல் போடுங்கள் என்றார். பாவம், மனுஷருக்குப் புரியவில்லை என்று ட்ரூமன் தரப்பு நினைத்தது. கிளாஸ் ஃபுக்ஸ் என்ற விஞ்ஞானி உள்ளேயிருந்தே எல்லாவற்றையும் மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அவர்களுக்கு அப்போது தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில், சமையல்காரரே அவர்கள் வீட்டு ஆள் என்று தெரியாமல் சாம்பார் ருசியைப் பற்றிப் பேசிவிட்டு வந்த கதை.

ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. 9, நாகசாகி. அந்த வருஷ முடிவுக்குள் ஒன்றில் ஏறக்குறைய 1,40,000 பேர், மற்றதில் 70,000 பேர். இந்த இடத்தில் நகைச்சுவைக்கு வேலை இல்லை.

அடுத்த கோடையில் அமெரிக்கர்கள் பசிபிக் பெருங்கடலில் பிகினி என்ற பவளத் தீவில் இருந்த 167 பேரை, மனிதகுல நன்மைக்காகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று வேறு தீவுக்கு அனுப்பிவிட்டு, 1946 ஜூலை 1 அன்று அங்கே குண்டு வெடித்தார்கள். நான்கே நாளில், ஜூலை 5 அன்று, பாரிஸில் லூயி ரெயார் என்பவர் ஒரு நீச்சலுடையை அறிமுகப்படுத்தி அதற்கு பிகினி என்று பெயர் வைத்தார். தீவுக்காரர்களுக்கு ஊர் போயிற்று. உலகத்துக்கு ஒரு துண்டுத் துணி கிடைத்தது. நம் ஜவுளிக் கடை திறந்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வாடிக்கையாளர் ரஷ்யா, 1949. படத்தைப் பார்த்து வரைந்த பிள்ளை. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது பிரிட்டன்தான் ரசமான கேஸ். போரின்போது தன் விஞ்ஞானிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி அடுப்பூத உதவிய நாடு அது. பாயசம் இறக்கியதும் 1946ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: அணு ரகசியம் யாருக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது. அந்த அக்டோபரில் லண்டனில் ஒரு ரகசியக் கூட்டம். போருக்குப் பிறகு ரொட்டிக்கே ரேஷன், குண்டுக்குக் காசுக்கு எங்கே போவது என்று நிதிக்காரர்கள் மறுத்து, ஏறக்குறைய ஜெயித்தும்விட்டார்கள். அப்போது வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, தாமதமாக வந்து சேர்ந்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் தன்னிடம் பேசிய தோரணையில் இனி இந்த நாட்டின் எந்த அமைச்சரிடமும் ஒருத்தன் பேசக் கூடாது. என்ன செலவானாலும் சரி, குண்டு வேண்டும், அதன் உச்சியில் நம் கொடி பறக்க வேண்டும் என்றார். முடிந்தது விவாதம். ராணுவத் தேவை, எதிரி, ஏவுகணை எதுவும் பேச்சில் இல்லை. சம்பந்தி வீட்டார் மதிக்கவில்லை என்பதற்காக வாங்கிய குண்டு அது. கொடியும் துணிதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1952ல் அதை வெடித்துப் பார்த்த இடம் ஆஸ்திரேலியாவை ஒட்டிய மான்டிபெல்லோ தீவுகள். சொந்தத் தோட்டத்தில் வெடிக்க மனசு வருவதில்லை. பிரான்ஸ் 1960ல் அல்ஜீரியாவின் சகாராவில் வெடித்தது. பிறகு பாலினீசியாவுக்குப் போனது. ரஷ்யாவுக்குக் கஜகஸ்தான். ஊரார் வீட்டுத் திண்ணையில்தான் இவர்களுக்குத் தீபாவளி.

குண்டு கைக்கு வந்ததும் பிரிட்டிஷார் அதை எவ்வளவு கௌரவமாக நடத்தினார்கள் என்பதற்கு ஒரு கோழிக் கதை இருக்கிறது. 1950களில் மேற்கு ஜெர்மனி மண்ணுக்குள் அணு கண்ணிவெடிகளைப் புதைத்து வைப்பது என்று ஒரு திட்டம். ரஷ்யர்கள் வந்தால் வெடிக்கலாம். பெயர் நீல மயில். ஏழு டன் எடை. ஒரே சிக்கல், ஜெர்மன் குளிரில் பூமிக்கடியில் கருவிகள் விறைத்துப் போய்விடும். அதற்கு விஞ்ஞானிகள் முன்வைத்த யோசனைகளில் ஒன்று: உயிருள்ள கோழிகளைத் தீனி, தண்ணீரோடு உள்ளே வைத்து மூடிவிடுவது. ஒரு வாரம் உயிரோடு இருக்கும். அவற்றின் உடம்புச் சூட்டில் குண்டு கதகதப்பாக இருக்கும். பெயரில் மயில், வயிற்றில் கோழி. 1958ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். கோப்பு வெளியே வந்த நாள் 2004 ஏப்ரல் 1. எல்லாரும் முட்டாள்கள் தின விளையாட்டு என்று சிரித்தார்கள். ஆவணக் காப்பகம், இல்லை ஐயா, நிஜம் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அணு ஆயுதம் ‘பொறுப்பான கைகளில்’ மட்டும் இருக்க வேண்டும் என்று யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழி ஞாபகம் வந்துவிடும்.

ஐந்தாவதாக வந்தது சீனா. கற்றுத் தருகிறேன் என்று சொன்ன ரஷ்யா 1959 ஜூனில் கையை உதறிவிட்டது. அந்த ரோஷத்தில் சீனர்கள் திட்டத்துக்கே 596 என்று பெயர் வைத்தார்கள்: 59ஆம் வருஷம், 6ஆம் மாசம். கடன் கொடுக்காதவன் பெயரைப் பிள்ளைக்கு வைத்து தினமும் கூப்பிட்டுத் திட்டுவது போல. நாடு பஞ்சத்தில் கிடந்த காலம். கால்சட்டையை அடகு வைத்தாவது குண்டு செய்துவிட வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் சென் யி சொன்னாராம். 1964 அக்டோபர் 16 அன்று லோப் நூரில் வெடித்தது. கையை உதறிய ரஷ்யத் தலைவர் குருஷ்சேவ் அதே வாரம்தான் பதவி இழந்தார். கால்சட்டையை மீட்டார்களா என்று தகவல் இல்லை.

இப்படி ஐந்து பேர் ஏறியாகிவிட்டது. முன்பதிவில்லாத பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு அடுத்து நடந்ததை விளக்க வேண்டியதில்லை. படியில் தொங்கும்வரை “கொஞ்சம் தள்ளுங்க, நாங்களும் மனுஷங்கதானே!”, உள்ளே வந்த மறுநிமிஷம் “இடமில்லே, அடுத்த வண்டியில வாங்க!” 1968ல் எழுதிய அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை அந்தக் கதவுதான். 1970ல் அமலுக்கு வந்தது. ஐந்து பேரும் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் செய்ய மாட்டோம் என்று சத்தியம் பண்ண வேண்டும். பதிலுக்கு, ஆறாவது பிரிவின்படி, ஐந்து பேரும் ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவார்கள். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. நல்லெண்ணம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இதில் இன்னொரு அழகு, அந்த ஐவரில் பிரான்சும் சீனாவும் கையெழுத்துப் போட்டதே 1992ல்தான். இன்னொரு அழகும் சொல்லிவிடுகிறேன்: கதவுக்குக் குறித்த அதே 1967ல்தான் அமெரிக்கா அமைதிக்கான அணுசக்தி என்ற பெயரில் டெஹ்ரானில் ஓர் ஆய்வு உலையை இயங்கவைத்தது. எரிபொருளாகக் கூடவே அனுப்பியது உயர்செறிவு யுரேனியம். நம்ம டீக்கடைப் பெரியவர் இதைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கதவை மூடினால் ஜன்னல் இருக்கிறதே. இஸ்ரேல் பிரெஞ்சு உதவியோடு நெகேவ் பாலைவனத்தில் டிமோனாவில் என்னவோ கட்டிக்கொண்டிருந்தது. என்ன அது என்று 1960ல் அமெரிக்கர்கள் கேட்டார்கள். ஜவுளி ஆலை என்று பதில் வந்தது. நான் சொன்னேன் அல்லவா! பாலைவனத்து நடுவில், சுற்றிக் காவல் போட்டு, அப்படி என்ன துணி நெய்தார்களோ. பிறகு ஆராய்ச்சி உலை என்றார்கள். இன்றுவரை அவர்கள் இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. மேற்கு ஆசியாவில் அணு ஆயுதத்தை முதலில் புகுத்துவது நாங்களாக இருக்க மாட்டோம் என்பது ஒன்றுதான் பல்லவி. பெட்டியில் டிக்கெட் பரிசோதகர் வந்தால் இவரை மட்டும் எழுப்புவதில்லை, தூங்குகிறார், பாவம்.

இனி நம் வீட்டுக் கதை. 1962ல் எண்பத்து மூன்று வயது ராஜாஜி, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக் குழுவோடு அமெரிக்கா போய், கென்னடியைச் சந்தித்து, இந்தச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். பேரன் வயதுக்காரரிடம் புத்திமதி சொல்ல விமானம் ஏறிய தாத்தா. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1974 மே 18 அன்று, போக்ரானில் நாமே வெடித்தோம். அமைதிக்கான அணு வெடிப்பு என்று பெயர் சொன்னோம். அகிம்சைக் கட்சிக்காரன் அரிவாள் வாங்கினால் தேங்காய் உடைக்க என்றுதானே சொல்வான்? புளூட்டோனியம் வந்தது கனடா கொடுத்த உலையிலிருந்து. அதற்குக் கனநீர் அமெரிக்கா கொடுத்தது. கனடாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உலையைக் கொடுத்தது ஒப்பந்தப்படி அமைதிக்கு. நாம் வெடித்ததும் அமைதிக்குத்தான். எங்கே தப்பு?

அன்று காலை எட்டு மணிக்கு வெடிக்க வேண்டியது, எட்டு ஐந்துக்குத்தான் வெடித்தது. காரணம், குண்டு இருந்த இடத்தருகே கடைசிப் பரிசோதனை முடித்து வரவேண்டிய பொறியாளரின் ஜீப் கிளம்பவில்லை. அணுவையே பிளந்தோம், ஜீப்பின் இன்ஜின்தான் தகராறு. பாதுகாப்பு அமைச்சர் ஜகஜீவன் ராமுக்கு விஷயம் தெரிந்தது வெடித்த பிறகு. கல்யாணம் முடிந்து தாம்பூலப் பை வந்த பிறகு மாமனுக்குத் தகவல் சொன்ன கணக்கு.

1998ல் போக்ரானில் மறுபடி வெடிக்கத் தயாரானபோது ஜவுளித் துறை நேரடியாகவே களத்தில் இறங்கியது. மேலே அமெரிக்கச் செயற்கைக்கோள். கீழே விஞ்ஞானிகளுக்கெல்லாம் ராணுவச் சீருடை. ராமேஸ்வரத்துக் கலாம், மேஜர் ஜெனரல் பிருத்விராஜ். சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம், மேஜர் ஜெனரல் நடராஜ். ஜாதகம் பார்த்து வைத்ததுபோல சிதம்பரத்துக்கு நடராஜ். கலாமின் தலைமுடி ராணுவத் தொப்பிக்குள் எப்படி அடங்கியது என்பதுதான் அந்த ஆபரேஷனின் இன்னும் வெளியாகாத ரகசியம் என்று நினைக்கிறேன். குழிகளுக்கு வைத்த பெயர்கள் வெள்ளை மாளிகை, தாஜ் மகால், கும்பகர்ணன். இருப்பதில் சின்னக் குண்டுக்குக் கும்பகர்ணன். மே 11, 13 தேதிகளில் வெடித்தபோது உலகத்தையே வேவு பார்க்கும் சிஐஏவுக்கு விஷயம் நம் பிரதமர் அறிவித்துத்தான் தெரிந்தது. அந்த ஐந்து நிமிஷம் நானும் ஊரோடு சேர்ந்து துள்ளினேன், மறைக்க மாட்டேன். மே 28 அன்று பாகிஸ்தான் சாகாய் மலையில் வெடித்ததும் துள்ளல் இறங்கி, கால் தரையில் பட்டது.

புல்லைத் தின்றாவது குண்டு செய்வோம் என்று 1965லேயே சொன்னவர் பாகிஸ்தானின் பூட்டோ. சீனத்துக் கால்சட்டைக்கு இவர் பரவாயில்லை, மானமாவது மிஞ்சும். வேலையை முடித்தவர் ஏ. க்யூ. கான். நெதர்லாந்தில் யுரேனியம் செறிவூட்டும் நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தம் எடுத்த ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், 1975 டிசம்பரில் லீவுக்கு ஊருக்குப் போனவர், போனவர்தான். வரைபடங்களும் கூடவே போயின. அதோடு நின்றாரா? லிபியா, ஈரான், வடகொரியா என்று கிளைகள் திறந்துவிட்டார். 2003 கடைசியில் கடாஃபி மனம் மாறி எல்லாவற்றையும் ஒப்படைத்தபோது, அணுகுண்டின் வடிவமைப்புத் தாள்கள் இஸ்லாமாபாத்தில் உள்ள ஒரு தையல்கடையின் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. தாள்களில் சீன மொழிக் குறிப்புகள். அதாவது, கால்சட்டையை அடகு வைத்துச் செய்த குண்டின் வரைபடம், தையல்கடைப் பையில் சுற்றி, லிபியா போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தச் சரித்திரத்தை ஜவுளிக்காரரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதில் தப்பே இல்லை.

உடுத்தியதைக் கழற்றி வைத்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டு செய்து, ஆறையும் பிரித்துப் போட்டுவிட்டு, 1993ல் டி கிளார்க் பாராளுமன்றத்தில் வந்து சொன்னார்: இருந்தது, இப்போது இல்லை. உக்ரைனுக்குச் சோவியத் சொத்துப் பிரிவினையில் ஏறக்குறைய 1,900 நெடுந்தூர அணு ஆயுதங்கள் வந்தன; உலகத்தில் மூன்றாவது பெரிய இருப்பு. சாவிக்கொத்து என்னவோ மாஸ்கோவில். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உன் எல்லைக்கு நாங்கள் மரியாதை கொடுப்போம் என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டன. எழுதிக் கொடுத்த மூவரில் ஒருவர் 2014ல் கிரிமியாவையும், 2022ல் மிச்சத்தையும் பார்க்க டாங்கியோடு வந்தார். தையல்கடைப் பையைத் திருப்பிக் கொடுத்த கடாஃபி 2011ல் எப்படிச் செத்தார் என்பது தொலைக்காட்சியில் வந்தது. வடகொரியா இரண்டையும் பார்த்துவிட்டு, தன்னிடம் உள்ளதை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டது. டீக்கடையில் இந்த இடம் வந்தபோது பெரியவர் என்னை வெற்றிப் பார்வை பார்த்தார்: “பாத்தீங்களா? அப்ப எல்லாரும் வெச்சுக்கறதுதான் நல்லது.”

அவர் தனியாள் இல்லை. கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981லேயே இதை அறிவுபூர்வமாக எழுதினார்: அணுகுண்டு பல நாடுகளிடம் மெல்ல மெல்லப் பரவினால் போர் குறையலாம், இருவர் கையிலும் இருந்தால் இருவருக்கும் பயம் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் நாய் வளர்த்தால் திருட்டு குறையும் என்பதும் இதே தர்க்கம்தான். அதன்பின் தூங்க முடிகிறதா என்பது வேறு.

பேராசிரியர் கணக்கில் கரடி இல்லை. 1962 அக்டோபர் 25, கியூபா நெருக்கடி உச்சத்தில் இருந்த ராத்திரி. மினசோட்டாவில் டுலூத் ராணுவத் தளத்தின் வேலியில் ஓர் உருவம் ஏறுவதைக் காவலாளி பார்த்தான். சுட்டான். நாசவேலை என்று எச்சரிக்கை மணி அடித்தான். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் ஒரு விமானத் தளத்தில் மணியின் ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அங்கே ஒலித்தது போர் மணி. அணு ஆயுதம் ஏந்திய விமானங்கள் ஓடுபாதைக்கு வந்துவிட்டன. ஓர் அதிகாரி காரை ஓட்டிக்கொண்டு, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி ஓடுபாதையில் குறுக்கே போய் நிறுத்தினார். வேலியில் ஏறியது கரடி.

1980 ஜூன் மாதம் ஒருநாள் அமெரிக்கக் கண்காணிப்புத் திரையில் ரஷ்ய ஏவுகணைகள் வந்துகொண்டே இருந்தன. பூஜ்யம் இருக்க வேண்டிய இடங்களில் 2 விழுந்திருக்கிறது. பழுதான சில்லின் விலை 46 சென்ட். 1995 ஜனவரியில் நார்வே, துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டது. முன்கூட்டியே ரஷ்யாவுக்குக் கடுதாசியும் போட்டிருந்தது. கடுதாசி வந்து சேர்ந்தது, ரேடார்காரர் மேஜைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ரஷ்ய அதிபர் யெல்ட்சின் முன்னால் அணுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டார்கள். ஆபீஸ் தபால் என்றால் எல்லா ஊரிலும் ஆபீஸ் தபால்தான்.

இதெல்லாம் நடந்தது கார்டுதாரர்கள் வீட்டில். பணம், படிப்பு, கணினி எல்லாம் உள்ள வீடு. ஈரானுக்கு வேண்டாம் என்று நான் சொல்வது ஈரான்காரன் கெட்டவன் என்பதால் அல்ல. அவர்கள் ஊரிலும் கரடி உண்டு. இப்போது குண்டு வைத்திருக்கும் ஒன்பது பேருக்கும் உரிமை இருக்கிறது என்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2017ல் ஐ.நா.வில் 122 நாடுகள் எவனுக்கும் வேண்டாம் என்று தனியாக ஓர் உடன்படிக்கைக்கு ஓட்டுப் போட்டன. வைத்திருக்கும் ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, நாமும்தான். “அப்ப யாருக்குமே இல்லேங்கறீங்களா?” என்றார் பெரியவர். ஆமாம் என்றேன். “நடக்கிற காரியமாப் பேசுங்க சார்” என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார். என் கணக்கில்.

அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லிவைத்தேன். 1966ல் ஸ்பெயின் நாட்டுப் பாலோமாரெஸ் கிராமத்தின் மேலே அமெரிக்க விமானம் ஒன்று நொறுங்கி, நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று நிலத்தில். ஒன்று கடலில். அமெரிக்கக் கடற்படை எண்பது நாள் துழாவியது. விழுந்ததைக் கண்ணால் பார்த்து இடம் காட்டியவர் ஓர் உள்ளூர் மீனவர். கடல் சட்டப்படி மீட்டுக் கொடுத்தவனுக்குப் பங்கு உண்டே என்று அவர் கேட்டதும் நியாயம்தான். இன்னொரு குண்டு, 1958 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் டைபீ தீவருகே ஒரு விமானி அவசரத்துக்குக் கழற்றிவிட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கேயே எங்கோ சேற்றுக்குள் கிடக்கிறது.

“யாராவது வலை போட்டு எடுத்தா, எடுத்தவனுக்கா சொந்தம்?” என்று கேட்டார் பெரியவர், நிஜமான அக்கறையோடு.

1967 ஜனவரி 1க்கு முன்னால் எடுத்து வெடித்துக் காட்டியிருக்க வேண்டும் என்றேன்.